ஊர்ப் படிப்பகத்துத் தமிழ் நூல்களைப் பட்டியலிடுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை ஊர்ப் படிப்பகத்துக்குக் கொடுத்துவிடுகிறார். மூவாயிரம் நூல்கள் இருக்கலாம். சிலவற்றுக்கு அட்டை இல்லை, சிலவற்றில் முதல் நான்கு பக்கங்களைக் கரையான் தின்றிருக்கிறது. அவற்றைக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று நான்கைந்து இளைஞர்கள் முன்வருகிறார்கள். அவர்களில் எவரும் நூலகவியல் படித்தவர் அல்லர். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது.

இத்தகைய வேலையில் நான் முதன்முதலாக இறங்கியபோது, அட்டையில் கண்ட பெயரைக் கண்டபடியே எக்செல் தாளில் தட்டிக்கொண்டு போனோம். வேலை வேகமாக முடிந்தது. முடிந்த பிறகுதான், உ.வே. சாமிநாதையரின் நூல்கள் எங்கள் தாளில் ஐந்து வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் ஐந்து இடங்களில் சிதறிக் கிடப்பதைக் கண்டோம். ஒருவர் 'சாமிநாத ஐயர்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'சுவாமிநாதையர்' என்றும், வேறொருவர் 'உ.வே.சா.' என்றும் எழுதியிருந்தனர். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நூலின் அட்டையில் இருந்ததுதான், ஆகையால் எதையும் பிழை என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அவருடைய நூல்கள் எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டு என்று கேட்டால் அந்தத் தாளால் காட்ட இயலவில்லை. பட்டியலாக்கத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட இடங்களில் ஒரு முடிவை எடுத்து, அதை எழுதிவைத்து, அடுத்து வருபவரும் அதையே பின்பற்றச் செய்வதுதான். எனவே கணினியைத் திறக்கும் முன் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி, அதன் அட்டையில் 'விதிகள்' என்று எழுதிவிடுங்கள். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் அந்த நோட்டுக்கு வேலை இருக்கிறது.

முதல் படி: சேர்க்கைப் பதிவேடு

நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சேர்க்கை எண் கொடுக்க வேண்டும். எண் பிரதிக்குரியது, நூலின் பெயருக்குரியதன்று. ஐந்து பாகங்கள் கொண்ட 'பொன்னியின் செல்வன்' முழுதாக இரண்டு முறை வந்திருந்தால் பத்து எண்கள் செலவாகும். தொலைந்துபோன நூலின் எண்ணை இன்னொரு நூலுக்குக் கொடுக்கக் கூடாது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலும், நூலகத்தார் 'இரகசியப் பக்கம்' என்று சொல்லும் ஓர் உள்பக்கத்திலும், எல்லா நூல்களுக்கும் ஒரே பக்க எண்ணைத் தேர்ந்துகொண்டு, மென்மையான பென்சிலால் எழுதலாம். பந்துமுனைப் பேனாவின் மை பழைய தாளில் மறுபக்கம் வரை ஊறிவிடும். பதிவேட்டில் எண், நாள், நூற்பெயர், கொடுத்தவர் ஆகிய நான்கும் போதும். மற்றவை எல்லாம் கணினிக்குரியவை.

இரண்டாம் படி: நூலைப் படித்தல்

ஒரு நூலைப் பற்றி நாம் எழுதிவைக்கும் செய்திகளுக்கு மீத்தரவு என்று பெயர். பெயர் புதிதே தவிரக் காரியம் பழையது. 1865இல் ஜான் மர்டாக் அதுவரை அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்து ஒரு பட்டியலை வெளியிட்டார். அதில் அவர் செய்ததும் இதைத்தான். மீத்தரவை அட்டையிலிருந்து எடுக்கக் கூடாது. அட்டை விற்பனைக்காக வரையப்படுவது; சுருங்கிய பெயரும் அலங்கார எழுத்தும் அங்கே இருக்கும். தலைப்புப் பக்கமே முதன்மைச் சான்று, அதற்கடுத்தது அதன் பின்புறம். அந்தப் பக்கம் இல்லாத நூலுக்கு மட்டும் அட்டை, முன்னுரை, பக்கத்தின் மேல்வரி என்ற வரிசையில் தேடலாம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைக் குறிப்பாக எழுதிவிட வேண்டும்.

நூற்பெயரை அச்சிட்டுள்ளபடியே எழுதுவது விதி. ஆனால் பழைய தமிழ்ப் பதிப்புகளில் இந்த விதி தனியாக நின்றால் போதாது. 1892இல் சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தின் தலைப்பு 'சிலப்பதிகாரமூலமும்' என்று தொடங்கி உரைகளின் பெயர்களோடு நீள்கிறது. சொற்கள் புணர்ந்து நிற்பதால் 'சிலப்பதிகாரம்' என்று தேடுகிறவருக்குக் கணினி இதைக் காட்டாது; இறுதி மகர மெய் அங்கே இல்லையே. ஆகவே அச்சிட்ட தலைப்பை ஒரு புலத்திலும் (ஒரு வகைச் செய்திக்கென ஒதுக்கிய கட்டத்திலும்), 'சிலப்பதிகாரம்' என்ற பொதுப்பெயரை இன்னொரு புலத்திலும் எழுத வேண்டும். நூலகத்தார் இதைச் சீர்தலைப்பு என்பர். திருக்குறளுக்கும் கம்பராமாயணத்துக்கும் எத்தனை உரைகள், எத்தனை பதிப்புகள் வந்தாலும் அவை எல்லாம் ஒரே இடத்தில் கூடுவதற்கு இந்த ஒரு புலமே வழி.

பதிப்பு என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழ்ப் பதிப்பகங்கள் பல, ஓர் எழுத்தும் மாறாத மறுஅச்சையும் 'ஏழாம் பதிப்பு' என்றே போடுகின்றன. அச்சிட்டபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தம் உண்டா இல்லையா என்பதை முன்னுரை சொன்னால் குறிப்பில் சேருங்கள். உரையாசிரியர், பதிப்பாசிரியர், தொகுப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரை 'ஆசிரியர்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடாமல், யார் என்ன செய்தார் என்பதோடு தனித்தனியே எழுதுவது பின்னால் மிகவும் உதவும்.

ஆண்டு இல்லாத நூல்கள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆகையால் சற்று விரித்துச் சொல்கிறேன். பழைய நூல்களில் 'விகிர்தி வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சி பிரபவவில் தொடங்குகிறது. அண்மைப் பிரபவ 1987 ஏப்ரலில் தொடங்கியது, அதற்கு முந்தையவை 1927, 1867. விகிர்தி அந்த வரிசையில் இருபத்துநான்காவது. எனவே அது 1890–91ஆக, 1950–51ஆக, 2010–11ஆக இருக்கலாம். தை மாதம் ஜனவரியில் வருவதால் இரண்டாவது ஆண்டைக் கொள்ள வேண்டும். மூன்றில் எது என்பதை நூலின் பிற அடையாளங்கள் சொல்லிவிடும்.

விலையைப் பாருங்கள். இந்தியாவில் தசம நாணயம் 1957 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விலை அணாக் கணக்கில் இருந்தால் நூல் பெரும்பாலும் அதற்கு முந்தையது. 'நயா பைசா' அல்லது 'ந.பை.' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம், ஏனென்றால் 1964இல் 'நயா' என்ற அடைமொழி நீக்கப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. எழுத்துருவும் பேசும்: ணை, லை, னை போன்ற எழுத்துகள் மேலே துதிக்கையைத் தூக்கிய பழைய வடிவில் இருந்தால், தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்ததற்கு முந்தைய அச்சாக இருக்கும் வாய்ப்பு அதிகம், பழைய அச்செழுத்துகளை வைத்திருந்த அச்சகங்கள் அதன் பிறகும் சில காலம் அவற்றையே பயன்படுத்தின என்பதையும் மறக்க வேண்டாம். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் முப்பத்தொன்றைக் கழித்தால் போதும்: 2030 என்றால் 1999.

இப்படி ஊகித்த ஆண்டை அச்சிட்ட ஆண்டைப் போலவே எழுதிவிடக் கூடாது. சதுர அடைப்புக்குள் [1951?] என்று எழுதுவது உலகெங்கும் பட்டியலாளர் வழக்கம். அந்தக் கேள்விக்குறியைக் கண்டால், ஆய்வாளர் அந்த நூலைத் தம் கையால் எடுத்துப் பார்ப்பார்.

மூன்றாம் படி: பெயர்கள்

மேலைநாட்டுப் பட்டியல் விதிகள் குடும்பப் பெயரை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். ஆகவே இயற்பெயரை முன்னும் தலைப்பெழுத்தைப் பின்னும் எழுதி, 'வரதராசன், மு.' என்பதுபோல் அமைப்பதே நம் நூலகங்களில் நிலைத்துவிட்ட முறை. 'டாக்டர்', 'புலவர்', 'வித்துவான்', 'மகாமகோபாத்தியாய' போன்ற பட்டங்களைப் பெயரின் முன்னிருந்து எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அகரவரிசையில் பாதித் தமிழறிஞர்கள் டகரத்தில் போய் அடைந்துவிடுவார்கள்.

இதை ஒழுங்குபடுத்த ஒரு தனிப் பெயர்க்கோப்பு வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஏற்றுக்கொண்ட ஒரு வடிவமும், அதன் கீழ் அவருக்கு வழங்கும் மற்ற வடிவங்களும் அதில் இருக்கும். புதுமைப்பித்தன் என்பது ஏற்ற வடிவமானால் 'விருத்தாசலம், சொ.' என்பது அதற்கு இட்டுச்செல்லும் மாற்று வடிவம். கல்கிக்குக் கிருஷ்ணமூர்த்தி, சுஜாதாவுக்கு ரங்கராஜன், பாரதிதாசனுக்குச் சுப்புரத்தினம் என்று இதைத் தொடரலாம். புனைபெயரா இயற்பெயரா என்பதில் நான் வாசகர் பக்கம்: அவர் எந்தப் பெயரால் தேடுவாரோ அதுவே ஏற்ற வடிவம். 'கார்த்திகேசு சிவத்தம்பி' என்றும் 'கா. சிவத்தம்பி' என்றும் ஒரே அறிஞர் அச்சாகியிருப்பதைப்போல, ஈழத்து நூல்களில் தலைப்பெழுத்து விரிந்தும் சுருங்கியும் வரும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிறப்பாண்டு சேர்த்துப் பிரிக்கலாம்: 'ரங்கநாதன், சீ. இரா., 1892–1972' என்பதுபோல. பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பெயர்க்கோப்புகளை ஒன்றிணைத்துக் காட்டும் வியாஃப் என்னும் இணையத்தளத்தில் ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கூட்டலுக்கும் விதிநோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 'இராமசாமி'யா 'ராமசாமி'யா, 'ராஜாஜி'யா 'இராசாசி'யா என்பதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் தீர்மானிக்கலாம். ஆனால் திங்கட்கிழமை ஒருவிதமாகவும் வியாழக்கிழமை வேறுவிதமாகவும் தீர்மானிக்கக் கூடாது.

நான்காம் படி: தட்டச்சும் எழுத்துக்குறியும்

திரையில் சரியாகத் தெரிவது கணினிக்குள்ளும் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். முன்பே யாராவது பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்த பட்டியல் உங்களிடம் இருந்தால், முதலில் அதை உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். யூனிகோடிலேயே தட்டச்சு செய்தாலும் இரண்டு பொறிகள் உண்டு. 'ஔவையார்' என்பதன் முதலெழுத்து ஒரே குறி. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதிவிடுகின்றனர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். 'கௌரி', 'சௌந்தரம்' போன்ற பெயர்களிலும் இதே கதைதான். மற்றொரு பொறி, துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டிவிடுவது. ஒகர உயிர்மெய்யின் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியிருந்தால் யூனிகோடு சீராக்கம் என்ற செயல் அதைத் தானே சேர்த்துவிடும். ஆனால் ளகரமும் ரகரமும் வேறு எழுத்துகள் என்பதால் அந்தச் சீராக்கத்தால் இவற்றைத் திருத்த முடியாது. ஒகரத்தை அடுத்து ளகரம் வரும் இடங்களைத் தேடிப் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும். 'ஒளி' போன்ற சொற்களில் அது சரியாகவே இருக்கும் என்பதால் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடவும் முடியாது.

எக்செல் தாளைப் பயன்படுத்துவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஐஎஸ்பிஎன் என்னும் நூல் எண் 2007 ஜனவரி முதல் பதின்மூன்று இலக்கங்கள் கொண்டது. அந்த நெடுவரிசையை முன்கூட்டியே 'உரை' என்று அமைக்காவிட்டால் எக்செல் அதை ஓர் எண்ணாகக் கருதிச் சுருக்கிக் காட்டும், பழைய பத்திலக்க எண்களின் முன்னிருக்கும் சுழியை உதிர்த்துவிடும். தாளைக் காற்புள்ளிக் கோப்பாக (சிஎஸ்வி) சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். பதின்மூன்று இலக்க எண்ணைச் சரிபார்ப்பது எளிது: இலக்கங்களை இடமிருந்து ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என மாறிமாறிப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் தட்டச்சில் பிழை. சில சமயம் நூலிலேயே பிழையாக அச்சாகியிருக்கும். இரண்டு நூல்களுக்கு ஒரே எண்ணைப் போட்ட பதிப்பகங்களும் உண்டு. எனவே ஐஎஸ்பிஎன்னை மட்டும் நம்பி 'இது முன்பே ஏற்றிய நூல்தான்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: பகுப்பு

நூலை அடுக்கில் எங்கே வைப்பது என்பதைப் பகுப்பு எண் சொல்கிறது. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையே உலகில் மிகப் பரவலானது. அறிவுத்துறைகள் எல்லாவற்றையும் பத்தாகவும், ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகவும் அது பகுக்கிறது. அமெரிக்காவில் பிறந்த முறை என்பது அதன் அளவுகளிலேயே தெரியும்: அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று விசாலமான அறைகள், ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று ஒரு மாடிப்படி மூலை. அதற்குள் கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. தமிழ்நாட்டு வரலாறு 954.82, இலங்கை வரலாறு 954.93, சமையல் 641.5.

நம் மண்ணிலேயே பிறந்த முறையும் ஒன்று உண்டு. சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான ரங்கநாதன், பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளைத் திருகாணியால் வெவ்வேறாகப் பூட்டி எத்தனையோ பொம்மைகள் செய்ய முடிந்தது. நூற்பொருளையும் அப்படித் துண்டுகளாக்கிப் பூட்டலாம் என்று அவருக்குத் தோன்றியதன் விளைவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு. அதில் ஆசிரியருக்குப் பிறப்பாண்டே அடையாளம். இலக்கியம் 'ஓ', தமிழ் 31, கவிதை 1, ஆயிரத்து எண்ணூறுகள் 'எம்'. ஆகவே 1882இல் பிறந்த பாரதிக்கு 'ஓ31,1எம்82'. எழுத்துக்கூட்டல் சண்டைக்கு இங்கே இடமே இல்லை. அழகில் கோலன் பகுப்பே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. ஆனாலும் புதியவர்கள் டூயி முறையைக் கொள்வது நல்லது; பிற நூலகங்கள் ஏற்கெனவே போட்டுவைத்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது எளிது.

பாதி நூல்கள் 894.8113இலேயே குவியும். அங்கே ஆசிரியரின் முதல் எழுத்துகளையும் நூலின் முதல் எழுத்துகளையும் சேர்த்து '894.8113 கல் பொன்' என்று முதுகுச் சீட்டில் எழுதினால் போதும். ஆசிரியர் எழுத்தைப் பெயர்க்கோப்பில் உள்ள ஏற்ற வடிவத்திலிருந்து எடுக்க வேண்டும்; அட்டையைப் பார்த்து எடுத்தால் மூன்றாம் படியில் செய்த வேலை வீண்.

பகுப்பு எண் ஒன்றுதான் இருக்க முடியும். நூல் ஓரிடத்தில்தானே நிற்கும். பொருள் தலைப்புகள் இரண்டு மூன்று கொடுக்கலாம். 'காவிரிப் பாசனத்தின் வரலாறு' என்ற பொருளில் ஒரு நூல் இருந்தால் 'பாசனம்', 'காவிரி ஆறு', 'தமிழ்நாடு – வரலாறு' ஆகிய மூன்றும் பொருந்தும். இவற்றுக்கும் ஒரு பட்டியல் வைத்து, 'நீர்ப்பாசனம் என்பதற்குப் பாசனம் என்பதைக் காண்க' என எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தரவுத்தளம் எப்படி அடுக்குகிறது

எக்செல் தாளில் ஒரு வரிசை என்பது ஒரு நூல். 'பொன்னியின் செல்வன்' பத்துப் பிரதிகள் இருந்தால் கல்கியின் பெயர் பத்து முறை வரும். அவற்றில் ஒன்றில் 'கல்க்கி' என்று விழுந்துவிட்டால் அந்தப் பிரதி தொலைந்த மாதிரிதான். 1970இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த உறவுமுறைத் தரவுத்தளம் இதற்கு வழி சொல்கிறது. ஆட்களுக்கு ஓர் அட்டவணை, நூல்களுக்கு ஓர் அட்டவணை, பிரதிகளுக்கு ஓர் அட்டவணை. கல்கியின் பெயர் ஆட்கள் அட்டவணையில் ஒரே முறை ஓர் எண்ணோடு நிற்கும். நூல் அட்டவணையில் அந்த எண் மட்டும் இருக்கும். பெயரை ஓரிடத்தில் திருத்தினால் எங்கும் திருந்திவிடும். ஒரு நூலுக்கு மூன்று உரையாசிரியர்களும் ஓர் உரையாசிரியருக்குப் பத்து நூல்களும் இருப்பதால், 'இந்த ஆள் – இந்த நூல் – இந்தப் பணி' என்று மட்டும் சொல்லும் நான்காவது அட்டவணை நடுவில் வரும். இரண்டாம் படியில் பதிப்பாசிரியரையும் உரையாசிரியரையும் பிரித்து எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

தேடலுக்குத் தரவுத்தளம் வேறொரு சுட்டியை உருவாக்கிக்கொள்கிறது. நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்தெந்தப் பதிவுகளில் வருகிறது என்று குறித்துவைக்கிறது. தமிழில் சொற்கள் வேற்றுமையேற்று வடிவம் மாறுவதால் 'இராமாயணம்' என்ற சுட்டிக்குள் 'இராமாயணத்தில்' அடங்காது. சொல்லின் முற்பகுதியை மட்டும் கொடுத்து இறுதியில் உடுக்குறி (*) இட்டுத் தேடும் பழக்கத்தை வாசகருக்குச் சொல்லிக்கொடுப்பதே இப்போதைக்கு எளிய தீர்வு.

ஏழாம் படி: மார்க் 21உம் கோஹாவும்

நூலகங்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளப் பொதுவடிவம் வேண்டும். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ராம் 1960களில் உருவாக்கிய மார்க் வடிவமும், 1999 முதல் வழங்கும் அதன் ஒருங்கிணைந்த வடிவான மார்க் 21உம் இதற்கானவை. ஒவ்வொரு செய்திக்கும் மூன்றிலக்க எண்: 020 ஐஎஸ்பிஎன், 082 டூயி எண், 100 முதன்மை ஆசிரியர், 240 சீர்தலைப்பு, 245 அச்சிட்ட தலைப்பு, 246 மாற்றுத் தலைப்பு, 250 பதிப்பு, 264 வெளியீட்டு விவரம், 300 பக்கமும் அளவும், 500 குறிப்பு, 650 பொருள் தலைப்பு, 700 மற்ற பங்களிப்பாளர்கள். ஒரு வாரம் வேலை செய்தால் இவை தொலைபேசி எண்களைப்போல மனத்தில் பதிந்துவிடும். நூல்களோடு ஒளிப்படம், ஒலிப்பதிவு, துண்டறிக்கை ஆகியவற்றையும் எண்ணிமத் தொகுப்பாக ஆக்குவோருக்கு டப்ளின் கோர் என்ற பதினைந்து புலங்கள் கொண்ட எளிய வடிவம் போதும். அந்த டப்ளின் அயர்லாந்தில் இல்லை. 1995இல் இதற்கான கூட்டம் நடந்த, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நகரம்.

மென்பொருளுக்குக் கோஹாவைப் பரிந்துரைக்கிறேன். நியூசிலாந்தின் ஒரு பொதுநூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய இது, கட்டணமின்றிக் கிடைக்கிறது. மாவோரி மொழியில் பெயரின் பொருளே 'அன்பளிப்பு'. எக்செல் தாளில் உள்ளதை மார்க் வடிவாக்க மார்க்எடிட் என்ற கருவி உதவும். தாளின் எந்த நெடுவரிசை எந்தப் புலத்துக்குப் போகும் என்பதை அதில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். சேர்க்கை எண்ணும் முதுகுச் சீட்டு எண்ணும் கோஹாவில் 952 என்ற பிரதிப் புலத்துக்குச் செல்லும். இரண்டு பிரதிகள் இருந்தால் அந்தப் புலம் இரண்டு முறை வரும். முதலில் இருபது நூல்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். மூவாயிரத்தையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டுப் பிறகு புலம் மாறிப்போனதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

இசட்39.50 என்ற நெறிமுறை வழியே பிற நூலகங்களின் பதிவுகளைக் கோஹாவுக்குள் இழுத்துக்கொள்ளலாம். காங்கிரஸ் நூலகம் பல்லாண்டுகளாகத் தமிழ் நூல்களை வாங்கி வருவதால், உங்கள் அடுக்கில் உள்ள பல நூல்களுக்கு அங்கே பதிவு இருக்கும். ஆனால் அவற்றுள் பல ரோமன் எழுத்தில்தான் இருக்கும்: சகரத்துக்குச் 'சி', ளகரத்துக்குக் கீழே புள்ளியிட்ட 'எல்', ழகரத்துக்குக் கீழே கோடிட்ட 'எல்'. எண்களையும் ஆண்டையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, தலைப்பையும் பெயரையும் நூலைப் பார்த்துத் தமிழில் எழுதிவிடுங்கள். ரோமன் வடிவையும் வைத்துக்கொள்ள விரும்பினால், இரண்டு எழுத்துமுறைகளை இணையாக வைப்பதற்கென்றே 880 என்ற புலம் இருக்கிறது.

எட்டாம் படி: சோதனை

முதல் சோதனை அகரவரிசை. மயில், மரம், மலர், மறம், மனம் என்ற ஐந்து சொற்களை ஐந்து போலித் தலைப்புகளாக ஏற்றி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். தமிழ் நெடுங்கணக்கின்படி மேலே உள்ள வரிசையே சரி. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டிருப்பதால், குறியெண்ணை மட்டும் பார்க்கும் மென்பொருள் மனம், மயில், மரம், மறம், மலர் என்று அடுக்கும். அதேபோல் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரவேண்டும். 'மக்கள்' என்பது 'மகன்' என்பதற்கு முன் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால், யூனிகோடு தரும் தமிழ் வரிசை விதிகளைப் பயன்படுத்துமாறு தேடுபொறியை அமைக்க வேண்டும். இதற்கு மட்டும் கணினி அறிந்த ஒருவரின் அரை நாள் தேவைப்படும்.

இரண்டாவது சோதனைக்குப் பட்டியல் வேலையில் பங்கெடுக்காத ஒருவரை அழைத்து வாருங்கள். அடுக்கிலிருந்து பத்து நூல்களைக் காட்டிவிட்டு, அரைமணி கழித்து அவற்றைக் கணினியில் தேடச் சொல்லுங்கள். அருகில் நின்று சொல்லிக்கொடுக்காமல், அவர் தேடல் பெட்டியில் என்ன தட்டுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நூலின் சரியான பெயரை எவரும் தட்டுவதில்லை. 'பாரதி கவிதை', 'சாமிநாதய்யர்', 'ஆத்திச்சூடி' என்றுதான் தட்டுவார்கள். விடை கிடைக்காமற்போன ஒவ்வொரு சொல்லையும் பெயர்க்கோப்பிலோ 246ஆம் புலத்திலோ மாற்று வடிவமாகச் சேர்த்துவிடுங்கள். படிப்பகம் திறந்த பிறகும் கணினிக்கு அருகில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, தேடிக் கிடைக்காததை வாசகர்களையே எழுதச் சொல்லலாம். வாரம் ஒருமுறை அந்தத் தாளை எடுத்து, விதிநோட்டை அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்து வேலை.